கதவு திறக்கும்வரை

லண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம் என்று எந்தக் கணினியிடம் கேட்டாலும் நொடிப்பொழுதில் விடை வந்துவிடுகிறது. ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 347 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. இரண்டு எண்களும் கணக்கின்படி சரியானவை. ஆனால் பயணம் செய்கிற மனிதனைப் பற்றி அவற்றில் ஒரு சொல்கூட இல்லை.

இது வெறும் கணக்கு, இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று இலக்கிய வாசகர்கள் நினைக்கலாம். இருக்கிறது என்பதே என் கட்சி. இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் ஐரோப்பாவில் பயணச்சீட்டு விற்கப்படுகிறது, சட்டம் எழுதப்படுகிறது, தாமதமாக வந்து சேர்ந்த பயணிக்கு நஷ்டஈடு தரலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கப்படுகிறது. தூரமும் நேரமும் இயற்கை நமக்கு அளித்த உண்மைகள் என்று நம்பவைத்துவிட்டால், அவற்றை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தீர்மானிக்கும் கை நம் கண்ணில் படாமல் போய்விடும். அந்தக் கையைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மொழியில் தூரத்தைச் சொல்லும் பழைய வழக்குகளை எண்ணிப் பாருங்கள். கூப்பிடு தூரம் என்கிறோம். கல்லெறி தூரம் என்கிறோம். அரை நாள் நடை என்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதன் இருக்கிறான். ஒருவன் கூப்பிடுகிறான், இன்னொருவன் கல்லை எறிகிறான், வேறொருவன் கால் நோக நடக்கிறான். இவை துல்லியமற்றவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் யாருடைய தூரம் என்ற கேள்விக்கு அவற்றிடம் விடை உண்டு. 347 கிலோமீட்டர் யாருடைய தூரம்?

*

பூமியை ஒரு கோளமாகக் கொண்டு, அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டை வரைந்தால் அது ஒரு பெருவட்டத்தின் துண்டாக அமையும். அந்தத் துண்டின் நீளமே நமக்குத் தரப்படும் தூரம். அந்தக் கோட்டின் மேலேயே முழுக்கப் பறக்கும் பயணிகள் விமானம் அநேகமாக எதுவும் இல்லை.

விமானங்கள் காற்றை எதிர்த்தே மேலெழ வேண்டும். தென் இங்கிலாந்தில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. எனவே ஹீத்ரோவிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் மேற்கு நோக்கியே எழுகிறது. பாரிஸ் இருப்பதோ தென்கிழக்கில். போகவேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டியபடிதான் பயணம் தொடங்குகிறது. பின்னர் வளைந்து திரும்பி, விதிக்கப்பட்ட வான்தடத்தைப் பிடித்து, மறுமுனையில் எந்த ஓடுபாதை பயன்பாட்டில் இருக்கிறதோ அதற்கேற்ப மறுபடி வளைந்து இறங்குகிறது. எதிர்த்திசையில் லண்டனுக்கு வருபவர்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. போவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிகின் ஹில் என்று ஹீத்ரோவைச் சுற்றி நான்கு காத்திருப்பு வளையங்கள் இருக்கின்றன. இரண்டே ஓடுபாதைகள் உள்ள நிலையத்தில் தரையிறங்க முறை வரும்வரை விமானங்கள் அங்கே அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவ்வாறு வானில் சுற்றிய கிலோமீட்டர்கள் எந்தத் தூரப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

நேர்கோட்டில் பறக்காததற்கு வலுவான காரணமும் உண்டு. 1922 ஏப்ரல் 7 அன்று, இதே லண்டன்-பாரிஸ் தடத்தில், பிரான்சின் பிக்கார்டி பகுதிக்கு மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. ஒன்று லண்டனின் க்ராய்டனிலிருந்து வந்தது. மற்றொன்று பாரிஸின் லெ பூர்ஷேயிலிருந்து கிளம்பியது. வானிலை மோசமாக இருந்தது. விமானிகள் அக்காலத்தில் கீழே தெரியும் சாலையையும் ரயில்பாதையையும் பார்த்தே வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் இரண்டு வானில் மோதிக்கொண்ட முதல் விபத்து அது. வானத்திலும் ஒழுங்கு வேண்டும், போகிறவனும் வருகிறவனும் ஒதுங்கிச் செல்ல இடம் வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய இழப்புகளிலிருந்தே உருவானது. ஆகவே கோடு வளைவதன் மீது எனக்குப் புகார் இல்லை. வளைந்த கோட்டில் அழைத்துச் சென்றுவிட்டு நேர்கோட்டை அளந்து காட்டுவதன் மீதுதான் புகார்.

*

அடுத்து நேரத்துக்கு வருவோம். விமான நிறுவனங்களின் கால அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் அன்று. அத்தொழிலில் அதற்கு பிளாக் டைம் என்று பெயர். நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கும் முட்டுக்கட்டையை அகற்றிய கணத்திலிருந்து, சேருமிடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் கணம் வரையிலான நேரம் அது. ஹீத்ரோவிலிருந்து சார்ல் த கோலுக்கு வானில் இருக்கும் நேரம் முக்கால் மணியைச் சற்றுத் தாண்டும். அட்டவணையிலோ அது ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடமாகிறது. மிச்ச அரை மணி நேரம் தரையில் ஊர்வதற்கும், வரிசையில் நிற்பதற்கும், நெரிசலுக்கும், கூடவே நிறுவனத்தின் முன்னெச்சரிக்கைக்குமாகச் சேர்க்கப்பட்டது.

இந்த முன்னெச்சரிக்கையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அட்டவணையில் பத்து நிமிடம் கூட்டி எழுதிக்கொண்டால் தாமதமாகப் புறப்பட்ட விமானமும் நேரத்துக்குச் சேர்ந்ததாகிவிடும். அத்துடன், பதினைந்து நிமிடத்துக்குள்ளான தாமதத்தைத் தாமதமாகவே கணக்கில் கொள்ளாத வழக்கமும் இத்துறையில் நிலைபெற்றிருக்கிறது. குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம் என்று விமானத்தில் பெருமிதத்துடன் அறிவிக்கும்போது பயணிகள் மகிழ்கிறார்கள். தேர்வுக்கு உரியவனே தன் வினாத்தாளையும் தயாரித்து, தானே திருத்தி, தனக்கே பரிசளித்துக்கொள்வதைப் பார்த்துக் கைதட்டுவது போன்றது அந்த மகிழ்ச்சி.

இனி, பயணியின் நேரம் எவ்வளவு என்று பார்ப்போம். லண்டன் நகர மையத்திலிருந்து ஹீத்ரோ செல்ல முக்கால் மணி என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பியப் பயணங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிடும்படி நிலையம் அறிவுறுத்துகிறது. பின்னர் அட்டவணையின் ஒரு மணி இருபது நிமிடம். இறங்கிக் கடவுச்சீட்டு வரிசையில் நின்று வெளியே வர அரை மணி. பாரிஸ் நகருக்குள் ரயிலில் செல்ல இன்னொரு அரை மணிக்கு மேல். கூட்டினால் ஐந்து மணி நேரம் ஆகிறது. அதில் வானில் கழிந்தது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. விளம்பரத்தில் இடம்பெறுவது அந்த ஆறில் ஒரு பங்குதான்.

வரலாற்றின் பக்கம் திரும்பினால் வேடிக்கை கூடுகிறது. 1919 ஆகஸ்ட் 25 அன்று, இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்திலுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்திலிருந்து லெ பூர்ஷேவுக்கு ஒரு சிறு விமானம் கிளம்பியது. நாள்தோறும் இயங்கும் முதல் பன்னாட்டு விமானச் சேவை என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது அதைத்தான். போரிலிருந்து மிஞ்சிய ஒற்றை இயந்திர விமானம்; ஒரே ஒரு பயணி; கூடவே செய்தித்தாள் கட்டுகளும், பாலாடையும், வேட்டைப் பறவைகளும். இரண்டரை மணி நேரத்தில் பாரிஸ் வந்துவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஜெட் இயந்திரம் வந்தது, ராடார் வந்தது, செயற்கைக்கோள் வந்தது. இரண்டரை மணியாக இருந்த வான்பயணம் ஐம்பது நிமிடத்துக்குச் சுருங்கியது. அறிவியல் மிச்சப்படுத்திக் கொடுத்த அந்த நூறு நிமிடமும் எங்கே போயிற்று? முன்னதாக வந்து காத்திருக்கச் சொல்லும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் போயிற்று. பொறியாளர் சேமித்துத் தந்ததை நிலைய நிர்வாகம் செலவழித்துவிட்டது. சேமிப்பு மட்டும் விளம்பரத்தில் இருக்கிறது; செலவு பயணியின் கணக்கில் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ரயில் இருக்கிறது. 2007 நவம்பரில் லண்டன் செயின்ட் பான்க்ரஸ் நிலையம்வரை அதிவேகப் பாதை முழுமையடைந்த பின், பாரிஸுக்கு யூரோஸ்டார் ரயிலின் மிகக் குறைந்த பயண நேரம் இரண்டு மணி பதினாறு நிமிடம் ஆயிற்று. தண்டவாளத்தின் வழியே தூரம் 492 கிலோமீட்டர். அதாவது, நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர் கூடுதலாகப் போகிறவர் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு முன்னதாகச் சேர்ந்துவிடுகிறார். ரயிலுக்கும் கடவுச்சீட்டுச் சோதனையும் முன்வருகையும் உண்டு. அவற்றைச் சேர்த்துக்கொண்டாலும் முடிவு மாறுவதில்லை. 347 பெரியதா 492 பெரியதா என்ற கேள்விக்கு ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும் விடையும் பாரிஸ் போகிறவர் சொல்லும் விடையும் வேறு வேறு.

*

எண்ணைக் குறைத்துக் காட்ட இன்னொரு வழி, பெயரை மாற்றிவிடுவது. ஜெர்மனியின் ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில் அமெரிக்க விமானப்படைத் தளமாக இருந்த ஹான், பயணிகள் நிலையமாக மாறியபோது ஃப்ராங்க்ஃபர்ட்-ஹான் என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஃப்ராங்க்ஃபர்ட் நகரம் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பாரிஸ்-பொவே என்ற நிலையம் பாரிஸிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்டாக்ஹோம்-ஸ்காவ்ஸ்டா இருப்பது நூறு கிலோமீட்டர் தொலைவில், நியூஷாப்பிங் என்ற சிறு நகரை ஒட்டி. ஒஸ்லோவின் பெயரில் சீட்டு விற்கப்பட்ட டார்ப் நிலையமும் அந்நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சான்டெஃபியூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலிவுக் கட்டண விமானங்களின் காலத்தில் இப்பெயர்கள் பயணச்சீட்டுகளில் நகரப் பெயர்களாகவே உலவின.

மலிவுக் கட்டணம் எளிய மக்களை வானத்தில் ஏற்றியது என்பதை நான் மறுக்கவில்லை. பாராட்டவும் தயார். ஆனால் இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பறக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டு, இரு முனையிலும் ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தைப் பயணியின் தலையில் கட்டுவது மலிவு ஆகாது. விலையில் ஒரு பகுதியைப் பணமாக வாங்காமல் நேரமாக வாங்கிக்கொள்கிறார்கள் என்பதே அதன் பொருள். பணக்காரரின் ஒரு மணி நேரத்துக்கும் கூலித் தொழிலாளியின் ஒரு மணி நேரத்துக்கும் சந்தை ஒரே மதிப்பு தருவதில்லை என்பது இங்கே நிறுவனத்துக்கு வசதியாகிவிடுகிறது.

நிறுவனங்கள் மட்டும்தான் தூரத்தை நீட்டவும் சுருக்கவும் செய்கின்றன என்று எண்ணிவிட வேண்டாம். அரசுகளும் செய்கின்றன. பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியிலிருந்து மேற்கு பெர்லினுக்குப் பறக்க மூன்று வான் தாழ்வாரங்கள் மட்டுமே இருந்தன. ஒவ்வொன்றும் இருபது மைல் அகலம். பத்தாயிரம் அடிக்கு மேல் பறப்பது நடைமுறையில் தடுக்கப்பட்டிருந்தது. உயரத்தில் பறக்கவே உருவாக்கப்பட்ட ஜெட் விமானங்கள் தாழப் பறந்து எரிபொருளை வீணடித்தன. ஜெர்மனியின் சொந்த நிறுவனமான லுஃப்தான்ஸாவுக்கு 1990இல் நாடு ஒன்றாகும்வரை அங்கே செல்ல உரிமையே இல்லை. லுஃப்தான்ஸாவைப் பொறுத்தவரை ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கும் பெர்லினுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கு அன்று பொருளே கிடையாது. இன்றைய எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் மாஸ்கோவும் கலினின்கிராடும் இருக்கின்றன. பெருவட்டக் கணக்கில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா முழுப் படையெடுப்பு நடத்தியதைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. அதன்பின் அவை வடக்கே சென்று ஃபின்லாந்து வளைகுடாவின் மேலும் பால்டிக் கடலின் மேலும் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நிலம் நகரவில்லை, ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, தூரம் மட்டும் கூடிவிட்டது. அந்த மூடலின் நியாயம் இக்கட்டுரையின் பொருளன்று. தூரம் என்பது தீர்மானிக்கப்படுகிற ஒன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

*

இனி என் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். 2012 மே 11 அன்று ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரிலிருந்து ஜெர்மனியின் கொலோன்-பான் நிலையத்துக்கு ஜெர்மன்விங்ஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று போக வேண்டியிருந்தது. இடைத்தூரம் ஏறத்தாழ 545 கிலோமீட்டர். அட்டவணைப்படி பிற்பகல் 1.30க்குப் புறப்பாடு, 2.40க்கு வருகை. அன்று அது மேலெழும்போது மணி 4.38. கொலோன்-பான் ஓடுபாதையைச் சக்கரங்கள் தொட்டபோது 5.38. நிறுத்துமிடத்தை அடைந்தபோது 5.43. அதற்குச் சற்றுப் பின்னர் கதவு திறக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற ஒழுங்குமுறைச் சட்டம் 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடையும் பயணிக்கும் அச்சட்டத்தின்கீழ் நஷ்டஈடு உண்டு என்று 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 250 யூரோ. இப்போது கணக்கைப் பாருங்கள். சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தை வருகை என்று கொண்டால் தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்தை அடைந்த நேரத்தைக் கொண்டால் 3 மணி 3 நிமிடம். ஒரு முனையில் ஒன்றுமில்லை. மறுமுனையில் 250 யூரோ. தரையைத் தொட்டதும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று நிறுவனம் வாதிட்டது. பயணி விடவில்லை. சால்ஸ்பர்க் நீதிமன்றம் கேள்வியை லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. விமானம் எப்போது வந்து சேர்கிறது?

2014 செப்டம்பர் 4 அன்று தீர்ப்பு வந்தது. விமானத்தின் கதவுகளில் ஒன்றேனும் திறக்கப்பட்டு, பயணிகள் வெளியேற அனுமதிக்கப்படும் கணமே வருகை நேரம் என்று நீதிமன்றம் சொன்னது. காரணத்தை அது விளக்கிய விதம்தான் என்னை ஈர்த்தது. பறக்கும் நேரத்தில் பயணி ஓர் அடைக்கப்பட்ட இடத்தில், நிறுவனத்தின் கட்டளைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டு இருக்கிறார். வெளியுலகத்துடன் தொடர்புகொள்வதற்கு அவருக்குள்ள வாய்ப்பு குறுகியிருக்கிறது. தன் சொந்த வாழ்க்கையையும், வீட்டையும், சுற்றத்தையும், தொழிலையும் வழக்கம்போல் கவனிக்க அவரால் இயலாது. சக்கரம் தரையைத் தொட்டாலும், விமானம் நின்றாலும் இந்நிலை மாறுவதில்லை. கதவு திறந்து வெளியேற முடியும்போதுதான் மாறுகிறது. இதுவே தீர்ப்பின் சாரம்.

வறண்ட சட்ட மொழிக்குள் எவ்வளவு மானுடமான ஒரு வரையறை! நேரம் என்பது இங்கே கடிகாரத்தின் பண்பாக இல்லை. மனிதன் இழந்த சுதந்திரத்தின் அளவாக இருக்கிறது. இயந்திரம் எப்போது தன் வேலையை முடித்தது என்று நீதிமன்றம் கேட்கவில்லை. மனிதன் எப்போது தன் வாழ்க்கைக்குத் திரும்பினான் என்று கேட்டது. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான நேரத்தை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அதே நீதிமன்றம் தூரத்தின் விஷயத்தில் என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன பயணிகள் சிலர், முதல் விமானம் தாமதமானதால் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, 3 மணி 50 நிமிடம் தாமதமாகச் சேர்ந்தார்கள். ரோமிலிருந்து ஹாம்பர்க் நேராக 1,326 கிலோமீட்டர். அவர்கள் போன வழியில் ரோம்-பிரஸ்ஸல்ஸ் 1,173, பிரஸ்ஸல்ஸ்-ஹாம்பர்க் 483, ஆக 1,656. 1,500ஐத் தாண்டினால் 400 யூரோ, தாண்டாவிட்டால் 250. பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸ் நேர்கோட்டைக் கணக்கிட்டு 250 தந்தது. 2017 செப்டம்பரில் நீதிமன்றமும் அதையே சரி என்றது. நஷ்டஈடு பயணிக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கானது; இணைப்பு விமானத்தில் போவதால் அசௌகரியம் கூடிவிடுவதில்லை; ஆகவே முதல் நிலையத்துக்கும் கடைசி நிலையத்துக்கும் இடைப்பட்ட பெருவட்டத் தூரமே போதும் என்பது அதன் தர்க்கம்.

இந்தத் தர்க்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. போன தூரத்துக்கும் அசௌகரியத்துக்கும் தொடர்பில்லை என்றால், நஷ்டஈட்டைத் தூரத்தின் அடிப்படையில் 250, 400, 600 என்று படிப்படியாகப் பிரித்தது எதற்காக? தொடர்பு உண்டு என்றால், உண்மையில் கடந்த தூரத்தை ஏன் கணக்கில் எடுக்கக்கூடாது? நேரத்தை அளக்கும்போது பயணியின் உடல் எங்கே இருந்தது என்று கேட்டவர்கள், தூரத்தை அளக்கும்போது வரைபடத்தைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பயணிகளின் உடல் நேர்கோட்டில் போகவில்லை. பிரஸ்ஸல்ஸ் போய் ஹாம்பர்க் போயிற்று. பிரஸ்ஸல்ஸ் வழியைத் தன் வசதிக்காக வகுத்துக்கொண்டதும் நிறுவனம்தான்.

*

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் வலுவானது, பொது அளவுகோல் வேண்டும் என்பது. காற்றும் நெரிசலும் நாளுக்கு நாள் மாறும். ஒவ்வொரு நாளும் விமானம் போன பாதையை அளந்துகொண்டிருக்க முடியாது. பெருவட்டத் தூரம் மாறாதது, யாருக்கும் சார்பில்லாதது என்பார்கள். மாறாதது என்பது உண்மை. சார்பில்லாதது என்பது உண்மையன்று. இருக்கும் எல்லாத் தூரங்களிலும் அதுவே மிகக் குறைந்தது. தூரத்தைப் பொறுத்துப் பணம் தரவேண்டிய கட்சிக்கு எப்போதும் சாதகமாக இருக்கும் அளவுகோலை நடுநிலை என்று அழைப்பது எந்த ஊர் நியாயம்? எந்தெந்த நிலையங்கள் வழியாக என்று சீட்டிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். அந்த நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரங்களைக் கூட்டுவதற்கு அன்றன்றைய காற்றை அளக்க வேண்டியதில்லை; கூட்டல் தெரிந்தால் போதும்.

இன்னொரு வாதம்: வீட்டிலிருந்து நிலையம்வரை ஆகும் நேரத்துக்கு விமான நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும்? ஆகாது. பொறுப்பேற்கச் சொல்லவில்லை, மறைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அரசு விரும்பினால் இந்த நேரத்தைக் கணக்கில் கொள்ள முடியும் என்பதற்கு பிரான்ஸ் அரைகுறையான ஒரு சான்று. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் உள்நாட்டு விமானம் தேவையில்லை என்று 2021இல் அந்நாடு சட்டம் இயற்றியது. 2023 மே மாத ஆணையின்படி பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் ஆகிய மூன்று ஊர்களுக்கான விமானத் தடங்கள் தடை செய்யப்பட்டன. 2017 முதல் பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயில் இரண்டு மணி நான்கு நிமிடத்தில் போய்விடுகிறது. அட்டவணையில் ஒரு மணி சொச்சம் என்று எழுதியிருந்த விமானம் அந்த ரயிலைவிட விரைவானதன்று என்பதைச் சட்டமே ஒருவகையில் ஒப்புக்கொண்டது. சார்ல் த கோல் நிலையத்தின் தடங்களை அது தொடவில்லை. தடைபட்டவை மூன்றே தடங்கள். விமர்சகர்கள் இதைக் கண்துடைப்பு என்றார்கள். விமர்சனம் நியாயமானதே. ஆனாலும் பறக்கும் நேரத்தைப் பயண நேரம் என்று எண்ண மறுத்த சட்டம் என்ற அளவில் அதை நான் வரவேற்கிறேன்.

இப்போது இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும் என்பவர்களுக்கு: 2025 ஜூன் 5 அன்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் போக்குவரத்து அமைச்சர்கள் கூடி ஒரு நிலைப்பாட்டை எடுத்தார்கள். 3,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணங்களில் நஷ்டஈட்டுக்கான வரம்பை மூன்று மணியிலிருந்து நான்கு மணியாகவும், அதற்கு மேற்பட்ட நெடும்பயணங்களில் ஆறு மணியாகவும் உயர்த்த வேண்டும் என்பது அது. குறுகிய தூரத்துக்கான தொகையை 250இலிருந்து 300 யூரோவாகக் கூட்டுகிறோம் என்ற இனிப்பையும் சேர்த்தே நீட்டினார்கள். 2013இல் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த திட்டம் இதைவிடக் கடுமையாக ஐந்து மணி என்று கேட்டது. அதைக் காட்டி, நான்கு மணி தாராளம் என்றும் சொல்ல முடிகிறது.

சால்ஸ்பர்க் பயணி 3 மணி 3 நிமிடம் தாமதமாக வந்தார். ஹாம்பர்க் பயணிகள் 3 மணி 50 நிமிடம் தாமதமாக வந்தார்கள். நான்கு மணி வரம்பு அன்று இருந்திருந்தால் இந்த இரு வழக்குகளிலும் யாருக்கும் ஒரு காசு கிடைத்திருக்காது, வழக்கே எழுந்திருக்காது. கதவு எப்போது திறந்தது என்று எந்த நீதிபதியும் கேட்டிருக்க மாட்டார். மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் தவிக்கும் அத்தனை பயணிகளையும் ஒரே வரியில் கணக்கிலிருந்து துடைத்துவிட்டு, மிஞ்சியவர்களுக்கு ஐம்பது யூரோ கூட்டித் தருவதைச் சீர்திருத்தம் என்கிறார்கள். வரம்பு உயர்ந்தால் பழுதான விமானத்துக்குப் பதிலாக வேறு விமானத்தை ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைக்கும், பயணம் ரத்தாவது குறையும் என்று காரணம் சொல்கிறார்கள். மூன்று மணிக்குள் மாற்று விமானம் கொண்டுவர அவசரப்படுத்துவது அந்த வரம்புதான் என்பதை அவர்கள் சொல்வதில்லை. நெருக்கடியைத் தளர்த்தினால் வேகம் கூடும் என்று வாதிடுவதற்கு அமைச்சராகத்தான் இருக்க வேண்டும்.

நான் கேட்பது எளியது. விற்கும்போது கதவிலிருந்து கதவுவரை எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். நிலையத்தின் பெயரோடு நகரம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். இணைப்பு விமானத்தில் ஏற்றினால் ஏற்றிய வழியின் தூரத்தைக் கணக்கிடுங்கள். மூன்று மணி வரம்பைத் தொடாதீர்கள். இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

அடைபட்ட இடத்தில் பிறர் கட்டளைக்கு உட்பட்டுக் கழித்த ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வர வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. வெறும் 250 யூரோவுக்காக ஒரு பயணி நடத்திய வழக்கில் பிறந்த நெறி அது. அந்த வழக்கு அற்பமானது என்று அன்று பலர் சிரித்திருக்கக்கூடும். ஐந்து நிமிடத்துக்காக லக்ஸம்பர்க்வரை போனவரின் பிடிவாதம் எனக்கு அற்பமாகத் தெரியவில்லை. தன் நேரம் தன்னுடையது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வரும் காலத்தில், அதை ஒரு நீதிமன்றத்தின் வாயால் சொல்லவைத்தவர் அவர்.